ஏழாவது கேள்வி

பல்செட்டுக்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். முப்பத்தாறு வருடம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்தவர். முன்னறையில் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்னறையில் இவர் அதில் பாரிஸ் சாந்து மாவு வார்த்து, மெழுகில் பல்வரிசை பதித்து, ராவி, மெருகேற்றி, டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார். யாருடைய பல் என்று அவர் பார்த்ததே இல்லை. டப்பாவின் மேல் ஓர் எண் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தாடை அச்சைக் கையில் வாங்கியதுமே, இந்த ஆள் இடது பக்கமாகவே மெல்லுகிறவர், இந்த அம்மாள் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர் என்று சொல்லிவிடுவார். இந்த ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் கையால் செய்தது என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொள்வார்.

"அவங்கள்ல ஒருத்தராவது உங்களைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்களா?" என்று அவள் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவாள்.

அவள் போய் நாலு வருடம் ஆகிறது. ஒரே மகன். விமானத்தில் ஐந்து மணி நேரத் தூரத்தில் வேலை, குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். பேத்தியை ஃபோன் முன்னால் பிடித்து நிறுத்துவான், அவள் "தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள், பிறகு அப்பாவும் பிள்ளையும் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவார்கள். ஏழெட்டு நிமிடம். நல்ல பிள்ளைதான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாடியில் இரண்டே அறை. கீழ்வீட்டில் தையல்காரம்மா. பகலெல்லாம் அவளுடைய மெஷின் சத்தம் தரை வழியாக உள்ளங்காலில் அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரை வீட்டில் இன்னொரு ஆள் இருப்பதுபோலத் தோன்றும். அவள் மெஷினை நிறுத்தினால் இவருக்குக் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

போன வருடம் அவருக்குச் செருப்பு காலில் நுழையாமல் போனது. கால் வளர்கிற வயசா இது என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். பிறகு படியேறும்போது நடுவில் ஒருமுறை நின்றார். அப்புறம் இரண்டு முறை. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருந்தது. ரத்தக்கொதிப்பு இருபது வருடமாக உண்டு, மாத்திரை நினைவு வந்தால் உண்டு. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கிட்னி டாக்டர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது, இவர் மாவில் அச்சுப் பதித்த மாதிரி.

"ஐயா, உங்க இதயம் அடிக்கற வேகம் சரியாத்தான் இருக்கு. தள்ளற பலம்தான் குறைஞ்சுபோச்சு" என்றார் டாக்டர். "கிட்னி பாதிக்கும் கீழே இறங்கியாச்சு. இவங்க ரெண்டு பேரும் கூட்டாளிங்க. ஒருத்தன் படுத்தா மத்தவனையும் சேர்த்து இழுத்துப் போட்டுடுவான். உடம்புல தண்ணி தேங்கினா இதயம் திணறும். மாத்திரை போட்டுத் தண்ணியை ரொம்ப இழுத்துட்டா கிட்னி காய்ஞ்சுபோகும். நடுவுல ஒரு கோடு இருக்கு. நாம அந்தக் கோட்டு மேலேயே நடக்கணும்."

"எவ்வளவு தூரம் நடக்கணும் டாக்டர்?"

"இருக்கறவரைக்கும்."

உப்பைக் குறைத்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்றார்கள். நீர் பிரிய ஒரு மாத்திரை. கூடவே ஒரு எடை மெஷினையும் ஆஸ்பத்திரியிலிருந்தே கொடுத்தனுப்பினார்கள். தினமும் காலையில் எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடுப்பில் அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். பிறகு ஓர் எண்ணுக்கு ஃபோன் செய்து எடையைப் பட்டன் அழுத்திச் சொல்ல வேண்டும். அறுபத்துநாலு கிலோ இருநூறு கிராம் என்றால் ஆறு, நாலு, இரண்டு. "நன்றி. உங்கள் எடை பதிவு செய்யப்பட்டது" என்று ஓர் இயந்திரக் குரல் சொல்லும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ மட்டும் நர்ஸ் திரும்பக் கூப்பிடுவாள்.

முதல் இரண்டு மாதம் நர்ஸ் கூப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை. இயந்திரம் தினமும் நன்றி சொன்னது. இவரும் மரியாதைக்கு "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

மூன்றாம் மாதம் நாக்கு செத்துப்போய், கடையில் வறுவல் பாக்கெட் ஒன்று வாங்கி உட்கார்ந்த இடத்திலேயே முழுசையும் காலி செய்தார். அதன்மேல் தாகம். அதன்மேல் தண்ணீர். மறுநாள் மெஷின் ஒன்றரை கிலோ ஏற்றிக் காட்டியது. பட்டனை அழுத்தி வைத்த பத்தாவது நிமிடம் ஃபோன் அடித்தது.

"ஐயா, ஆஸ்பத்திரியிலேர்ந்து சிஸ்டர் பேசறேன். எப்படி இருக்கீங்க?"

சின்ன வயசுக் குரல். கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி. 'ச' வரும் இடத்தில் லேசாகக் காற்று கசிந்தது. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து இருக்க வேண்டும் என்று பல்செட்டுக்காரர் அப்போதே தீர்மானித்துவிட்டார். மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார், மாத்திரையைத் தவறாமல் போடுகிறாரா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். வறுவல் விஷயத்தை இவர் மென்று விழுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

"முழு பாக்கெட்டா?"

"சின்ன பாக்கெட்தான் சிஸ்டர்."

"எனக்கும் அது பிடிக்கும் ஐயா. அதனாலதான் எங்க வீட்டுல வாங்கறதே இல்லை" என்று சிரித்தாள். தலைசுற்றல் உண்டா என்று கேட்டாள். கடைசியாக, "ராத்திரி நல்லா தூங்கினீங்களா?" என்றாள்.

நாலு வருடமாக அவரை யாரும் கேட்காத கேள்வி அது. உடம்பு எப்படி என்று கேட்பார்கள், சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள். தூக்கம் மனைவியோடு போன சமாசாரம். சுவர் ஓரம் அவள் படுப்பாள், வெளிப்பக்கம் இவர். இன்றைக்கும் அந்த வெளி விளிம்பில்தான் படுக்கிறார், கட்டிலின் முக்கால் பங்கு சும்மா கிடக்கிறது. இதையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

மறுமுனையில் அவள் ஒரு யோசனை சொன்னாள். "நடுவுல படுத்துப் பாருங்களேன் ஐயா. கட்டில் உங்களோடதுதானே?"

அன்றைக்கு நடுவில் படுத்தார். தூக்கம் வரவில்லை. ஆனால் வராததை அவளிடம் சொல்லலாம் என்று நினைத்தபோது ஒரு திருப்தி வந்தது. எடை இறங்கும்வரை மூன்று நாள் அவள் கூப்பிட்டாள். நாலாம் நாள் எடை பழையபடி ஆனது. இயந்திரம் நன்றி சொன்னது. அவ்வளவுதான்.

அதன்பின் ஒரு மாதம் எடை நூல் பிடித்த மாதிரி நின்றது. டாக்டராக இருந்தால் பாராட்டியிருப்பார். பல்செட்டுக்காரருக்கோ காலையில் ஃபோனை வைத்தபிறகு பகல் முழுவதும் வெறிச்சென்று கிடந்தது. காப்பியை அளந்து குடித்தார். செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தார். மதியம் ஒரு மணிக்கே மணி நாலு ஆகிவிட்டதா என்று பார்த்தார்.

ஒருநாள் கை தவறியது. சத்தியமாகக் கைதான் தவறியது. ஆறு, நாலு, இரண்டு என்று அழுத்த வேண்டியவர், நாலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தை அழுத்திவிட்டார். இயந்திரம் நன்றி சொன்ன பிறகுதான் உறைத்தது. திருத்த வழி தெரியாமல் அவர் முழித்துக்கொண்டிருக்கும்போதே ஃபோன் அடித்தது.

"ஐயா, சிஸ்டர் பேசறேன். எப்படி இருக்கீங்க? மறுபடியும் அந்தப் பாக்கெட்டா?"

தப்பாக அழுத்திவிட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இவரும் அவள் பின்னாலேயே போய்விட்டார். கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். தலையணை இரண்டு என்றார். நடுவில் படுத்த கதையையும் சொன்னார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பன்னிரண்டு நிமிடம் பேசினார்கள். ஃபோனை வைத்ததும் கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அது பாட்டு மாதிரி இருந்தது.

பிறகு கை தவறவில்லை. கையை அவரே தவறவிட்டார்.

பத்து நாளைக்கு ஒருதரம் என்று ஆரம்பித்தது, வாரம் ஒருதரம் என்று ஆனது. எவ்வளவு ஏற்றினால் ஃபோன் வரும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அரை மில்லிமீட்டர் ராவுவதில் ஆயுளைக் கழித்தவருக்கு அது பெரிய வித்தையா? ஒரு பொய் தன் அண்ணன் தம்பிகளையெல்லாம் அழைத்துக்கொண்டு வந்தது. எடை ஏறியிருந்தால் கால் வீங்க வேண்டும், வீங்கியது என்றார். மூச்சு வாங்க வேண்டும், வாங்குகிறது என்றார். மனசாட்சியை ஏமாற்ற வேண்டியோ என்னவோ, சமையலறைக் காலண்டரில் உண்மையான எடையையும் தினமும் பென்சிலால் எழுதி வைத்தார். வேலையில் பழகிய ஒழுங்கு அது. அச்சை மாற்றி அனுப்பினாலும் அசலைத் தூக்கியெறியக் கூடாது.

சிஸ்டர் டாக்டரைக் கேட்டு நீர் மாத்திரையை ஒன்றரை ஆக்கினாள். அடுத்த மாதம் இரண்டு ஆக்கினாள்.

இவர் அந்த மாத்திரைகளை விழுங்கினார். அதுதான் வேடிக்கை. பொய் எடையைச் சொல்லலாம், ஆனால் அவள் போடச் சொன்ன மாத்திரையைப் போடாமல் இருப்பது அவளுக்குச் செய்கிற துரோகம் என்று பட்டது. மாத்திரையை ஏற்றிய இரண்டு மூன்று நாளில் பொய் எடையையும் கொஞ்சம் இறக்கிச் சொல்வார். "பாத்தீங்களா ஐயா, மாத்திரை நல்லா கேட்குது" என்று அவள் சந்தோஷப்படுவாள். அந்தச் சந்தோஷத்துக்காகவே இறக்குவார். அடுத்த வாரம் மறுபடி ஏற்றுவார்.

"டோஸ் மாத்தியிருக்கு. இந்த வாரம் கட்டாயம் ரத்தம் கொடுத்துட்டு வந்துடுங்க ஐயா" என்று முதல் தடவை ஏற்றியபோதே சொல்லியிருந்தாள்.

ரத்தம் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும் என்று அவருக்கு உள்ளூரப் பயம். "சரி சிஸ்டர்" என்றார், போகவில்லை. ஒரு வாரம் கழித்து அவள் கேட்டபோது, "கொடுத்துட்டேனே! ரிசல்ட் வரலையா?" என்றார். "லேப்ல எப்பவும் லேட்தான், நான் பார்த்துக்கறேன்" என்றாள் அவள். இவர் வார்த்தையை நம்பிவிட்டாள்.

காலண்டரில் பென்சில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அறுபத்துமூன்று. அறுபத்திரண்டு. நாக்கு அட்டை மாதிரி உலர்ந்தது. விடியற்காலையில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து இழுத்தது. நாற்காலியிலிருந்து எழுந்தால் சுவர் ஒருமுறை சுற்றிவிட்டு நின்றது. "தலைசுத்தல் ஏதாவது உண்டா ஐயா?" என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். உண்டு என்றால் மாத்திரையை நிறுத்துவாள், நேரில் வரச் சொல்வாள், எல்லாம் முடிந்துபோகும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை சிஸ்டர்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆறு, ஆறு, சைபர் என்று அழுத்திவிட்டு, ஃபோன் வருவதற்குள் பால் பாக்கெட்டை எடுத்து வந்துவிடலாம் என்று கதவைத் திறந்தார். குனிந்தது நினைவிருக்கிறது. நிமிர்ந்தது நினைவில்லை. கீழே தையல்காரம்மா தலைக்கு மேல் தொப்பென்ற சத்தம் கேட்டு மெஷினை நிறுத்தினாள். நாற்காலி விழுந்திருக்கும் என்று நினைத்து மறுபடி மிதித்தாள். அப்புறம் மேலே ஃபோன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கையில் சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கட்டில் காலடியில் கிட்னி டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். பக்கத்தில் ஒரு இளம் டாக்டர்.

"நேத்துக் காலையில ஃபோன்ல அறுபத்தாறு. நேத்து மதியம் வார்டுல அறுபது எண்ணூறு. அஞ்சு கிலோ எங்கே போச்சு?" என்றார் கிட்னி டாக்டர். "தண்ணி தேங்குதுன்னு டோஸை ஏத்தியிருக்கு. ஆனா ஆள் வத்திப்போய்க் கிடக்கறார். ரத்தத்துல கழிவு, அந்த கிரியாட்டினின், ரெண்டரையிலேர்ந்து நாலரை ஆகியிருக்கு."

"வீட்டு மெஷின் ரிப்பேரா இருக்கும் டாக்டர்" என்றார் இளையவர்.

கிட்னி டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "என்னங்க ஐயா, மெஷின் சரியாத்தான் வேலை செய்யுதா?"

தப்பிக்க ஒரு கதவு தானாகத் திறந்தது. பல்செட்டுக்காரர் அதில் நுழைந்துவிட்டார். "பழசாயிடுச்சோ என்னமோ டாக்டர்" என்றார். வாய் உலர்ந்திருந்ததால் பொய் ஒட்டி ஒட்டி வந்தது.

அவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்கள். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் இளைய டாக்டரின் குரல் கேட்டது. "மாசாமாசம் மெஷினைச் சரிபார்க்கறது ஃபோன் சிஸ்டரோட பொறுப்பு டாக்டர். ரத்த ரிசல்ட் வராமலேயே ரெண்டாவது தடவை டோஸை ஏத்தக் கேட்டிருக்காங்க. ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் அவங்களை ஃபோன்ல உட்கார வேண்டாம்னுட்டாங்க."

பல்செட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. டாக்டரைக் கூப்பிட வாயைத் திறந்தார், அதுவும் முடியவில்லை. அன்று பகல் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மெஷின் மேல் பழியைப் போட்டது மெஷினோடு நிற்கவில்லை. நேராகப் போய் அவள் தலையில் விழுந்திருக்கிறது. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனசு சொன்னது. அது அவருடைய மனசுதான். அதை அவர் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"டாக்டர், மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் மாத்திச் சொன்னேன். ரத்தமும் கொடுக்கலை. கொடுத்தேன்னு சொன்னது பொய். நிஜமான எடையெல்லாம் சமையல்கட்டுக் காலண்டர்ல பென்சில்ல எழுதியிருக்கு. கீழ்வீட்டு அம்மாகிட்ட சாவி இருக்கு, யாரையாவது அனுப்பி எடுத்துப் பாருங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "ஏன்?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. எழுபத்தொரு வயசு ஆளுக்கு இதைவிட ஒரு கௌரவமான காரணம் கிடைத்திருக்கக் கூடாதா?

"அந்த சிஸ்டர் கூப்பிடுவாங்கன்னு" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இதை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுத் தரீங்களா?" என்று மட்டும் கேட்டார். பல்செட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் ஒரு பெண்மணி வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். கனத்த உடம்பு. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் இருக்கலாம். வார்டு மாற்ற வந்தவள் என்று நினைத்தார்.

"ஐயா, சிஸ்டர் பேசறேன்" என்றாள்.

அதே குரல். பல்வரிசையைத்தான் முதலில் பார்த்தார், பழக்கம் விடவில்லை. சந்தும் இல்லை, பொந்தும் இல்லை. கோடு போட்ட மாதிரி வரிசை. முப்பத்தாறு வருட அனுபவம் காலை வாரிவிட்டது.

"உட்காருங்க சிஸ்டர்."

"வேண்டாம் ஐயா." அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு தளம் கீழேதான் என் ரூம். ரெண்டு நாளா அங்கே போகலை. ஃபைல் ரூம்ல உட்கார வச்சிருந்தாங்க. இருபத்தொன்பது வருஷத்துல என் மேல ஒரு ரிப்போர்ட் கிடையாது. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா அந்த டோஸுக்குப் பக்கத்துல என் கையெழுத்துதான் இருந்திருக்கும்."

"தப்புதான் சிஸ்டர்."

"லேப்ல நான் தேடிப் பார்த்திருக்கணும். அது என் தப்பு. உங்க வார்த்தையை நம்பினேன்." கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஏன் ஐயா இப்படிப் பண்ணீங்க?"

"நீங்க கேப்பீங்க. ராத்திரி நல்லா தூங்கினீங்களான்னு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அது ஃபாரத்துல இருக்கற கேள்வி ஐயா. ஏழாவது கேள்வி. எல்லார்கிட்டயும் கேக்கணும். கேட்டு டிக் போடணும்."

பல்செட்டுக்காரர் தலையாட்டினார். மூச்சு, கால், தலையணை, மாத்திரை, உப்பு, தலைசுற்றல், தூக்கம். மனசுக்குள் விரல் விட்டு எண்ணினார். ஏழுதான்.

"எனக்கு அறுபத்துமூணு பேர் ஐயா. காலையில எட்டு மணிக்குள்ள யார் யாருக்கு ஏறியிருக்குன்னு பார்த்துப் பார்த்துக் கூப்பிடணும். உங்களோட பன்னிரண்டு நிமிஷம் பேசினப்ப வேற யாரோ ஒருத்தர் நிஜமாவே மூச்சு முட்டி உட்கார்ந்திருந்திருப்பாங்க."

அது அவருக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளில் ஒருதரம்கூட.

"சும்மா பேசணும்னு சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா சிஸ்டர்?"

ஒப்புக்குச் சொல்கிற ஆள் இல்லை அவள்.

"இல்லை ஐயா" என்றாள். "கூப்பிட்டிருக்க மாட்டேன்."

போவதற்கு முன் சொட்டு மருந்துக் குழாயை ஒருமுறை சரி செய்தாள், தலையணையை இழுத்து நிமிர்த்தினாள். "நிறையப் பேர் அந்தக் கேள்விக்கு 'ம்'னுதான் சொல்லுவாங்க" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. செருப்புச் சத்தம் வராந்தா முனைவரை கேட்டது.

மகன் மறுநாளே பறந்து வந்தான். ஐந்து நாள் தங்கினான். டாக்டர் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருந்தார். வீட்டுக்கு அழைத்து வந்தபின், அலமாரியில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பொடி எழுத்தில் உப்பு எவ்வளவு என்று படித்தான். படித்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டான்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."

"என்னன்னு சொல்றது?"

அவனுக்கும் தெரியவில்லை. "எங்களோட வந்துடுங்க" என்றான். அங்கே பகல் முழுக்க அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். "பார்க்கலாம்" என்றார். விமானத்துக்குப் புறப்படும்போது அவன் குனிந்து அப்பாவின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தான். டாக்டர் சொல்லிக்கொடுத்திருப்பார் போலும். பள்ளம் விழவில்லை. விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கிட்னி முழுசாகத் திரும்பவில்லை. கிரியாட்டினின் நாலரையிலிருந்து இறங்கி மூன்றே காலில் நின்றுவிட்டது. "ஒரு படி இறங்கியாச்சு. அந்தப் படியை இனி ஏற முடியாது. இதுக்கு மேல இறங்காம பார்த்துப்போம்" என்றார் டாக்டர். ரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சை எப்போது வேண்டியிருந்தாலும் தயாராக இருக்கட்டும் என்று கையில் ரத்தக்குழாய் இணைக்கும் சின்ன ஆபரேஷனுக்கும் பெயர் எழுதிக்கொண்டார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து வந்திருக்க வேண்டிய பேச்சு அது.

பழைய மெஷினை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தார்கள். ஏறி நின்றால் போதும், எடை தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். பட்டனும் இல்லை, நன்றியும் இல்லை. சிஸ்டர் திரும்ப ஃபோனில் உட்கார்ந்துவிட்டாள் என்று வார்டு ஆயா சொன்னாள். அதைக் கேட்டபிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது. ஆனால் இவருடைய ஃபைல் வேறு ஒரு இளைஞனுக்குப் போய்விட்டது. அவன் ஒரு முறை அழைத்தான். ஏழு கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டான். ஏழாவதற்கு இவர் "ம்" என்றார்.

வேலை நாள் ஒன்றில், பதினோரு மணி இருக்கும். கீழே மெஷின் ஓடவில்லை. தையல்காரம்மா துணி எடுக்கப் போயிருந்தாள். பல்செட்டுக்காரர் ஃபோனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாத நாளில் மகனைக் கூப்பிட்டுப் பழக்கமே இல்லை. கூப்பிட்டார்.

"அப்பா! என்னாச்சு? மூச்சு வாங்குதா? விழுந்துட்டீங்களா?"

"இல்லைடா. எடை சரியா இருக்கு. மாத்திரை போட்டாச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை."

"அப்புறம்?"

பொய்க்கு இத்தனை தடவை வளைந்து கொடுத்த நாக்கு இப்போது கட்டையாக நின்றது. "தனியா இருக்கு. பேசணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான்."

அந்தப் பக்கம் யாரோ எதையோ கேட்டார்கள், மகன் ஃபோனை மூடிக்கொண்டு பதில் சொன்னான். பிறகு, "இருங்கப்பா, கதவைச் சாத்திட்டு வந்துடறேன்" என்றான். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "சொல்லுங்க" என்றான்.

என்ன சொல்வது என்று பல்செட்டுக்காரருக்குத் தெரியவில்லை. தையல்காரம்மாவின் மெஷினில் பெல்ட் அறுந்த கதையைச் சொன்னார். மகன் தன் மேலதிகாரியின் கோபத்தைப் பற்றிச் சொன்னான். நடுவில் இருவருமே பேசாமல் கொஞ்ச நேரம் போனது, ஆனால் யாரும் வைக்கவில்லை. நாலு நிமிடம் ஆகியிருக்கும். கதவை யாரோ தட்டினார்கள், அவன் போக வேண்டியிருந்தது. "நாளைக்கு நான் கூப்பிடறேன்ப்பா" என்றான். கூப்பிடலாம், மறந்தும் போகலாம்.

ஃபோனை மேஜைமேல் வைத்தார். மணி பதினொன்றே கால்கூட ஆகவில்லை. எழுந்து, ஒரு நாளைக்கான தண்ணீரை அளந்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து அரை டம்ளர் ஊற்றி, ஜன்னலோரம் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார்.